சின்னப் பெட்டிக்குக் காடி எடுக்க எந்த இழைப்புளி?

14.07.2024, நங்கநல்லூர் வாசகரின் கேள்வி

அஞ்சறைப் பெட்டி ஒன்று செய்யப்போகிறேன். பக்கங்களுக்கு 10 மி.மீ. தேக்கு வைத்திருக்கிறேன். அடிப்பலகையும் இழுத்துத் திறக்கும் மூடியும் காடியில், அதாவது பலகையில் நீளவாக்கில் வெட்டிய பள்ளத்தில், உட்கார வேண்டும். ரூட்டர் (பள்ளம் வெட்டும் மின்கருவி) வேண்டாம். காடி எடுக்க ஒரே ஒரு கை இழைப்புளி வாங்குவதென்றால் எதை வாங்கலாம்? பழைய கூட்டு இழைப்புளி ஒன்று இருந்தால் ஆயுசுக்கும் போதும் என்கிறார் நண்பர். சரிதானா?

14.07.2024, இரவு

சரிதான். என்னிடம் இருப்பது ரெக்கார்டு 405. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துச் சரக்கு, அமெரிக்க ஸ்டான்லி 45-ஐ ஒட்டிச் செய்தது. கட்டரை மாற்றினால் வேலையும் மாறும்: காடி, காடிக்குள் நுழையும் நாக்கு, விளிம்பில் படிபோல் வெட்டும் ரிபேட், அழகுக்கு உருட்டு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கண்ணை மூடிக்கொண்டு என்றது பேச்சுக்கு. கட்டர்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். இரண்டு வருடம் முன்பு சென்ட்ரல் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் மூவாயிரத்து ஐநூறு கொடுத்து வாங்கினேன். “எல்லாம் உள்ளே இருக்கு சார்” என்றார். வீட்டுக்கு வந்து மரப்பெட்டியைத் திறந்தால் 1/8 அங்குலக் கட்டர் இல்லை. சின்னப் பெட்டிக்கு முக்கால்வாசி நேரம் அதுதான் வேண்டும். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, “நீங்கதான் பார்த்து எடுத்தீங்க” என்றார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை.

16.07.2024

முந்தாநாள் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். ‘சின்னப் பெட்டி’ என்று நீங்கள் எழுதியது என் கண்ணில் சரியாகப் படவில்லை.

அஞ்சறைப் பெட்டியின் குறுகிய பக்கம் எவ்வளவு இருக்கும், ஒரு ஜாண்? நேற்று இரவு 120 மி.மீ. துண்டு ஒன்றை எடுத்து 405-ஐ அதன்மேல் வைத்துப் பார்த்தேன். குருவி தலையில் பனங்காய். கருவியின் நீளம் துண்டைப்போல் இரண்டு மடங்கு. முன்னால் தள்ளினால் மூக்கு கவிழ்கிறது, பின்னால் இழுத்தால் வால் தொங்குகிறது. எடை முழுக்கப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் இருப்பதால் இடது கை தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஜன்னல் சட்டத்துக்கும் கதவுக்கும் அது ராஜா. மிளகு, சீரகம் வைக்கும் பெட்டிக்கு இல்லை.

16.07.2024, கொஞ்ச நேரம் கழித்து

கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் பெரியப்பா பெரம்பூர் ரயில்வே பட்டறையில் பேட்டர்ன் வேலை பார்த்தவர். வார்ப்புக்கு மர அச்சு செய்யும் வேலை. அவர் ‘காடி இழைப்புளி’ என்பார். பாரிமுனையில் கேட்டால் ‘பிளவ் பிளேன்’. ‘ரிபேட் பிளேன்’ என்று வாய் தவறினால் வேறொன்றை எடுத்து நீட்டுவார்கள். அது விளிம்பில் படி வெட்டுவது, நடுவில் காடி எடுக்காது. இப்போது நிறைய ஆசாரிகள் வடக்கிலிருந்து வந்தவர்கள் என்பதால் இழைப்புளிக்கே ‘ரந்தா’ என்று பெயர் விழுந்துவிட்டது. போன மாதம் ஒரு கடையில் பையன் உள்ளே திரும்பி, “ஏர் உழற ரந்தா கேக்குறாரு” என்று குரல் கொடுத்தான். பிளவ் என்றால் கலப்பைதானே, தப்பில்லை. காடி எடுக்கிற காரியமும் உழவுதான்.

21.07.2024, ஞாயிறு

சரி, உருப்படியாகப் பட்டியல் போடுகிறேன் என்று உட்கார்ந்தேன். போட்டால் மூன்றுதான் தேறுகிறது.

ரெக்கார்டு 043. உள்ளங்கையில் அடங்கும். மூன்றே கட்டர்: 1/8, 3/16, 1/4 அங்குலம். பெட்டி செய்கிறவருக்கு வேறெதுவும் தேவையே இல்லை. இப்போது தயாரிப்பில் இல்லை, பழையதுதான் தேட வேண்டும். பெரியப்பாவின் நண்பர் ஒருவரிடம் இருந்ததைப் பத்து நிமிடம் கையில் வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

அதன் அண்ணன் 044. எட்டுக் கட்டர், கொஞ்சம் நீளம், கொஞ்சம் கனம். பெட்டியும் செய்வேன், மேசை டிராயரும் செய்வேன் என்றால் இது. பழைய சரக்கில் 043-ஐவிட இது கண்ணில் படும் வாய்ப்பு அதிகம்.

கனடாவின் வெரிட்டாஸ். இவர்களின் சின்ன பிளவ் பிளேன் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று என்று தனித்தனியாக. பெட்டி செய்கிறவர்களுக்கென்றே இன்னும் குட்டியாக ஒன்றும் போட்டிருக்கிறார்கள். விலையும் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்தால் பெட்டிக்குள் மிளகுக்குப் பதில் தங்கம் வைக்கலாம்.

எதை வாங்கினாலும் பார்க்க வேண்டியது ஒன்று. காடிக்குள் இறங்கும் மெல்லிய இரும்புப் பட்டை நேராக இருக்க வேண்டும். கட்டர் அந்தப் பட்டையைவிடத் தலைமுடி அளவாவது அகலமாக, ஃபென்ஸ் (பலகையின் விளிம்பில் உரசி வழிகாட்டும் தடுப்பு) பக்கம் துளி வெளியே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பட்டை தான் வெட்டிய காடியிலேயே சிக்கிக்கொள்ளும். மற்றதெல்லாம், கைப்பிடி மெருகு, நிக்கல் பூச்சு, ஆயில் மணக்கும் அட்டைப்பெட்டி, கண்ணுக்கு.

22.07.2024

ரூட்டர் வாங்கினால் ஐந்து நிமிட வேலை என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: உண்மை. எனக்கும் தெரியும். டிரிம்மர், அதாவது குட்டி ரூட்டர், நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று சுற்றும். வேளச்சேரி ஃபிளாட்டின் இரண்டாம் மாடிப் பால்கனியில் அதைப் போட்டால் கீழ்வீட்டு மாமிக்கு சீரியல் வசனம் கேட்காது. ஒருமுறை கேட்கவில்லை. அது போதும்.

விளையாட்டை விட்டுச் சொன்னால், ஒரு ஜாண் துண்டை டிரிம்மரின் கீழ் பிடித்து நிறுத்துவது எனக்குப் பயம். பத்து விரலும் எனக்கு வேண்டும்.

04.08.2024

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் எந்தக் கருவி, எந்தக் கருவி என்று அளந்துகொண்டிருந்தேன்.

நாலு பக்கத்தையும் வெட்டிவிட்டுக் காடி எடுக்காதீர்கள். காடி எடுத்துவிட்டு வெட்டுங்கள்.

நாலு பக்கமும் சேர்ந்து எவ்வளவு வருமோ, வாள் தின்னும் கணக்கும் சேர்த்து, ஒரே நீளப் பட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடிக்காடி, மூடிக்காடி இரண்டையும் ஓட்டி முடித்த பிறகு துண்டு போடுங்கள். நாலு துண்டிலும் காடி ஒரே உயரத்தில் வந்து நிற்கும். மரத்தின் ரேகையும் பெட்டியைச் சுற்றித் தொடர்ந்து ஓடும். ஒரு மூலையில் மட்டும்தான் முறியும். நீளப் பட்டை என்பதால் 405-கூட ஒழுங்காக உட்காருகிறது. அதாவது, குருவி வளர்ந்துவிட்டது.

இதற்கு மூலையில் 45 பாகைச் சாய்வு இணைப்பு, மைட்டர், வசதி. காடி முழு நீளத்துக்கும் ஓடினாலும் வெளியே தெரியாது. விரிந்த பல்லும் பள்ளமும் கோத்துக்கொள்ளும் புறாவால் இணைப்பு (டவ்டெயில்) போட்டால் காடியின் வாய் ஏதோ ஒரு பலகையின் முனையில் சதுர ஓட்டையாக எட்டிப்பார்க்கும். நான் முதலில் செய்த பெட்டியில் நாலு மூலையிலும் பார்த்தது. குட்டித் துண்டு மரம் வைத்து அடைத்தேன். கேட்டவர்களிடம் டிசைன் என்றேன்.

பட்டையைப் பிடிக்க வைஸ் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) வேண்டாம். பட்டையைவிடக் கொஞ்சம் நீளமான பிளைவுட் ஒன்று, அதன் ஓரத்தில் நீளவாக்கில் பட்டையைவிடத் தாழ்ந்த ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒன்று திருகி, முன்முனையில் இரண்டு ஸ்குரூ தலை நீட்டிக்கொண்டிருக்கட்டும். பட்டை ரீப்பரில் சாய்ந்து, ஸ்குரூவில் முட்டி நிற்கும். பெரியப்பா தரையில் உட்கார்ந்து கால் கட்டைவிரலால் பிடித்துக்கொள்வார். எனக்கு அந்த இடுப்பு இல்லை.

ஓட்டும்போது, கைப்பக்கத்திலிருந்து ஒரே தள்ளாகப் போகாதீர்கள். எதிர்முனையில் இரண்டு அங்குலம் வெட்டுங்கள். பிறகு நாலு அங்குலம் பின்னால் வந்து அதுவரை. இப்படிப் பின்வாங்கிக்கொண்டே வந்தால் ஒவ்வொரு தள்ளும் ஏற்கெனவே வெட்டிய காடியில் போய் முடியும், வழி தவறாது. வலது கை தள்ளுவதற்கு மட்டும். இடது கை ஃபென்ஸைப் பலகையோடு அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கையும் இரண்டு வேலையையும் செய்யப் பார்த்தால் காடி சாயும். சாய்ந்த காடியில் மூடி பாதி வரை போகும். அப்புறம் உங்கள் சாமர்த்தியம்.

07.08.2024

நங்கநல்லூர்க்காரர் படம் அனுப்பியிருக்கிறார். விளிம்பிலிருந்து காடி ஒரு முனையில் 5 மி.மீ. தள்ளி, மறுமுனையில் 6. ஃபென்ஸ் கோணல். முன்னால் மட்டும் அளந்தால் போதாது. கருவியின் இரும்புப் பட்டைக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே உள்ள தூரத்தை மூக்குப் பக்கம் ஒருமுறை, வால் பக்கம் ஒருமுறை அளந்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகு திருகை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு இன்னொரு முறை. இறுக்கும்போதுதான் அது நகரும்.

15.08.2024

கொடி ஏற்றிவிட்டு வந்து பால்கனியில் உட்கார்ந்தேன். காடியின் அளவு பற்றி.

1/8 அங்குலம் என்றால் 3.2 மி.மீ., கொஞ்சம் குறைய. 3 மி.மீ. பிளைவுட் அதில் நன்றாகவே போகும். 3/16 என்பது 4.8 மி.மீ.; சைடன்ஹாம்ஸ் சாலைக் கடைகளில் 4 மி.மீ. என்று தருவதை அதில் வைத்தால் லொடலொட. 1/4 என்பது 6.35, 6 மி.மீ. பலகை போட்டால் அதுவும் ஆடும். பிளைவுட்டில் எழுதியிருக்கும் அளவும் உண்மை அளவும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. வெர்னியரை (துல்லியமாகத் தடிமன் அளக்கும் கருவி) கையோடு கொண்டுபோய்க் கடைக்காரரின் முகத்தைப் பார்க்காமல் அளந்துவிடுங்கள்.

பிளைவுட்டுக்கு ஏற்றபடி கட்டர் தேடி அலைந்த காலம் உண்டு. இப்போது தலைகீழ். முழு மரத்தில் அடிப்பலகை போட்டு, அதன் விளிம்பைக் காடிக்கு ஏற்றபடி இழைத்து மெலிதாக்கிவிடுகிறேன். ஆகவே எனக்கு ஒரே அகலம் போதும். 10 மி.மீ. பக்கத்துக்கு 1/8 காடி, 4 மி.மீ. ஆழம். பாதிக்கு மேல் போகாதீர்கள். காடிக்குக் கீழே மிஞ்சும் உதடு அழுத்தினால் பெயர்ந்துவிடும்.

ஒரே அகலம் போதும் என்றால் ஒரே அகலம் வெட்டும் கருவியும் போதுமே? இப்படி யோசித்ததில் காபி ஆறிப்போனது.

07.09.2024, விநாயகர் சதுர்த்தி

கொழுக்கட்டை வேலையில் என்னைச் சேர்க்கவில்லை. ஆகவே செய்துவிட்டேன்.

வாகைக் கட்டை, ஒரு சாண் நீளம். ஃபென்ஸ் தனியாகக் கிடையாது. கட்டையின் அடியிலேயே படி வெட்டி அதையே ஃபென்ஸ் ஆக்கினேன், விளிம்பிலிருந்து 5 மி.மீ. காடிக்குள் இறங்க 2 மி.மீ. பித்தளைப் பட்டை, மூன்று ஸ்குரூ. ஆழத் தடையும் கட்டையின் இன்னொரு படிதான். நகரும் பாகம் எதுவும் கிடையாது, கோணலாக வழியே இல்லை.

கட்டருக்குத்தான் நாலு நாள் மண்டையைக் குடைந்தேன். கடைசியில் லேத் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் சதுர டூல் பிட், ஹை ஸ்பீடு ஸ்டீல், 1/8 அங்குலம். பாரிமுனையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள். அகலம் கச்சிதம். பதம் போட வேண்டிய வேலை இல்லை. சாணையில் சூடேறினாலும் சாதாரண உளி இரும்புபோல் பதம் இறங்காது. முனையை 30 பாகைக்குத் தேய்த்து, எண்ணெய்க்கல்லில் தீட்டி, 45 பாகைச் சரிவில் வைத்து மர ஆப்பு அடித்தேன்.

முதல் தள்ளில் மாவு மாதிரி தூள். பிட் அதிகம் நீட்டிக்கொண்டிருந்தது. கொட்டாப்புளியால் கட்டையின் பின்பக்கத்தில் ஒரு தட்டு, ஆப்பில் ஒரு தட்டு. இரண்டாவது தள்ளில் சீவல் சுருண்டு வந்தது, இடியாப்பம் மாதிரி. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “சரி, இதைக் கூட்டிட்டு வந்து சாப்பிடுங்க” என்றாள்.

செலவு சொன்னால் சிரிப்பீர்கள். 405-க்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு இல்லை.

10.09.2024

மூன்று நாள் தலைகால் புரியாமல் இருந்தேன். இப்போது குறை.

அடிக்காடிக்கு ஃபென்ஸ் கீழ் விளிம்பில் உரசும். மூடிக்காடிக்கு மேல் விளிம்பில். இரண்டும் பலகையின் ஒரே முகத்தில்தான். ஆகவே இரண்டாவது காடிக்குப் பட்டையைத் தலைமாற்றிப் போட வேண்டும். போட்டால் மர ரேகையும் திரும்பிவிடும். ஒரு காடி வெண்ணெய் மாதிரி வரும்; மற்றது எதிர்ப்போக்கில் சிராய் பெயர்த்துக்கொண்டு வரும். கனடாக்காரர்கள் இடக்கைக்குத் தனியாக ஏன் செய்கிறார்கள் என்று இப்போதுதான் உறைத்தது. இடக்கைக்காரர்களுக்கு மட்டுமல்ல, இதற்கும்தான். ஃபென்ஸ் நகரும் கருவியாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: ஃபென்ஸைத் தூரத் தள்ளி இரண்டு காடியையும் ஒரே விளிம்பிலிருந்து ஓட்டிவிடலாம். என் கட்டையில் அது நடக்காது.

அதனால் ரேகை நேராக ஓடும் பட்டையாகத் தேடி எடுங்கள். கட்டரைத் தீட்டி, மெல்லிசாக ஓட்டுங்கள். காடியின் இரு ஓரத்தையும் முதலில் கத்தியால் கீறிக்கொண்டால் சிராய் அந்தக் கோட்டோடு நின்றுவிடும். இல்லையென்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி இன்னொரு கட்டை செய்யுங்கள். நான் செய்யப்போகிறேன்.

உள்ளே அறை பிரிக்கும் தடுப்புக்கு இதே கருவி ஆகுமா என்றால், ஆகாது. அது ரேகைக்குக் குறுக்கே போகும் காடி. நாரை முதலில் அறுத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் வாள், நடுவில் உளி. 405-ல் நாரை அறுக்கக் குட்டிக் கத்திகள் உண்டு; ஆனாலும் இத்தனை சின்னத் துண்டில் வாளே வேகம்.

11.10.2024, ஆயுத பூஜை

எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. 405, வாகைக் கட்டை, டூல் பிட், வெர்னியர். இன்று எதையும் தொடக் கூடாது. நங்கநல்லூர்க்காரர் 044 ஒன்று பிடித்துவிட்டாராம், அவர் வீட்டு பூஜையில் அது நடுநாயகமாக உட்கார்ந்திருக்கும் படம் வந்திருக்கிறது. எட்டுக் கட்டரும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறதாம். வயிறு எரிகிறது.

16.10.2024

மழை வெள்ளத்துக்குப் பயந்து கார்களையெல்லாம் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திய ஊர் நாங்கள். என் 405-ஐ எங்கே நிறுத்துவது? சாரல் பால்கனி வரை அடித்தது. துருவுக்குப் பயந்து ஆகஸ்டிலேயே கம்பிகளுக்கு நல்லெண்ணெய் தடவி வைத்திருந்தேன். ஒருவர் கேட்டதற்கு அதையே அவருக்கும் சொல்லியிருந்தேன். தப்பு. மன்னிக்கவும். நல்லெண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகிவிடுகிறது. ஃபென்ஸ் கம்பியில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, இப்போது தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் இப்படிப் பிசினாகாது, அவசரத்துக்கு அதுவும் ஆகும்.

01.12.2024

ஃபெஞ்சல் புயல் ஓய்ந்து வெளிச்சம் வந்திருக்கிறது. நகரும் பாகமே இல்லாத என் கட்டையில் மர ஆப்பு ஊதி, கட்டரைக் கழற்ற முடியவில்லை. அரிசி டின்னுக்குள் இரண்டு நாள் வைக்கலாமா என்று வீட்டில் கேட்டு, பதிலைக் கேட்காததுபோல் வந்துவிட்டேன்.

அதைவிட முக்கியம்: ஆகஸ்டில் செய்த பெட்டியின் இழுவை மூடி சிக்கிக்கொண்டது. கணக்குப் போட்டேன். பச்சைத் தேக்கு முழுக்கக் காய்ந்தால் வளையத்தின் போக்கில் 5.8 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து வெளிநோக்கிய போக்கில் 2.5. மரத்தின் ஈரம் 10-லிருந்து 15 சதவீதம் ஆனால் வளையப் போக்கில் ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும். என் மூடி 120 மி.மீ. அகலம். ஒரு மி.மீ.க்கு மேல் ஊதியிருக்கிறது. நான் விட்டிருந்த இடைவெளி இரண்டு பக்கமும் சேர்த்து அரை.

நாலு மி.மீ. ஆழக் காடியில் மூடியின் நாக்கு மூன்று வரை போனால் போதும், பக்கத்துக்கு ஒரு மி.மீ. காலியாக இருக்கட்டும். மெழுகுவத்தியை நாக்கில் ஒரு தேய்ப்பு. காடிக்குள் ஃபெவிகால் சொட்டக் கூடாது. அடிப்பலகையை ஒட்டவே கூடாது, அது தன்பாட்டுக்கு மூச்சு விடட்டும். பிளைவுட் அடிப்பலகைக்கு இந்தக் கவலை கிடையாது, வேண்டுமானால் ஒட்டலாம்.

நங்கநல்லூர்க்காரரின் மூடி சிக்கவில்லையாம். அவர் பெட்டி இன்னும் ஒட்டப்படவில்லை.

13.01.2025, போகி

பழையன கழிக்க வீட்டில் உத்தரவு. 405 வந்த மரப்பெட்டி கரையான் அரித்த மாதிரி இருக்கிறது, அதைப் போடுங்கள் என்றாள். கருவியை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்து உலுக்கினேன். அடிப்பலகை காடியில் லொடலொட என்று ஆடியது. 3/16 காடியில் 4 மி.மீ. பிளைவுட் வைத்த மாதிரி. இன்னொரு உலுக்கலில் ஓரம் வழியாக ஏதோ ‘ணங்’ என்று தரையில் விழுந்தது.

1/8 அங்குலக் கட்டர். துளி துரு இல்லை.

பெட்டியைப் போடவில்லை. சென்ட்ரல் பக்கம் பொங்கல் கழித்து ஒரு நடை போய்விட்டு வர வேண்டும். அவருக்கு என்னை ஞாபகம் இருக்காது என்று நினைக்கிறேன்.